பசையைக் கடைசியில் எடுங்கள்: விழுந்த ஃபோம் விமானத்தைச் சரிசெய்வது எப்படி

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கு ஒரு வணக்கம், முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இன்றைய பேச்சு உண்மையில் உங்களுக்குத்தான்.

ரிமோட்டில் பறக்கும் ஃபோம் விமானம் பிறந்தநாள் பரிசாக ஒரு வீட்டுக்கு வருகிறது. முதல் வாரம் எல்லோரும் மைதானத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். இரண்டாம் வாரம் அது மூக்கு குத்தி விழுகிறது. அதன் பிறகு வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கும். "உடைஞ்சு போச்சு, தூக்கிப் போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அல்லது பையன் அன்று ராத்திரியே மேசை டிராயரில் இருக்கும் ஃபெவிக்விக்கை எடுத்து ஒட்ட ஆரம்பித்துவிடுவான்.

இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஃபோம் விமானம் நான்கு துண்டாக உடைந்தாலும் பெரும்பாலும் மறுபடி பறக்கும். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரி. இரண்டாவது, ஏன் விழுந்தது என்ற கேள்வி. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத உடைசல்கள். ஃபோமும் பசையும் அதற்குப் பிறகுதான். நம் கண் முதலில் போவது உடைந்த இறக்கை மேல். அது பாவம், தன் உடைசலை மறைக்காமல் காட்டுகிறது. ஆபத்து, முழுசாக இருப்பது போல் தெரியும் பாகங்களில்தான் இருக்கிறது. மொட்டைமாடியில் நீர்க்கசிவைக் கவனிக்காமல் கீழே சுவருக்குப் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்று நம் சங்கத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மைதானத்திலேயே செய்ய வேண்டியது

விமானம் விழுந்ததும் முதல் வேலை, ரிமோட்டில் மோட்டார் லீவரை முழுதும் கீழே இறக்குவது. புரொப்பல்லர் மண்ணில் மாட்டிக்கொண்டு, மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால், மோட்டாரும் அதை இயக்கும் இ.எஸ்.சி. சர்க்யூட்டும் சில நொடிகளில் கருகிவிடும். பிறகு விமானத்தின் அருகே போய்ப் பேட்டரியைக் கழற்றுங்கள். அதற்கு அப்புறம்தான் ரிமோட்டை அணைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ரிமோட்டை முதலில் அணைத்தால் சில விமானங்களில் மோட்டார் தானாகச் சுற்ற வாய்ப்பு உண்டு.

அடுத்து, துண்டுகளைப் பொறுக்குவது. விரல் நகம் அளவு துண்டாக இருந்தாலும் விடாதீர்கள். ஃபோம் கரடுமுரடாக உடையும். அந்த முறிவின் மேடும் பள்ளமும் பூட்டுக்குச் சாவி மாதிரி, ஒரே ஒரு வழியில்தான் சரியாகப் பொருந்தும். எல்லாத் துண்டும் கையில் இருந்தால் விமானத்தின் பழைய வடிவம் தானாகவே திரும்பி வந்துவிடும். கிளம்பும் முன் விழுந்த நிலையில் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்த இடத்தில் செருகியிருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பேட்டரி: எல்லோரும் கேட்க வேண்டிய பகுதி

விமானமே வைத்திருக்காதவர்களும் இந்தப் பகுதியைக் கேளுங்கள். இது ஒரு வீட்டோடு நிற்கும் விஷயம் இல்லை, மேல்மாடிக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இந்த விமானங்களில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி, சுருக்கமாக லிப்போ. உங்கள் போனில் இருக்கும் பேட்டரியின் சொந்தக்காரன்தான். ஆனால் எடையைக் குறைப்பதற்காக இதற்குக் கெட்டியான உறை கிடையாது. மெல்லிய பை ஒன்றுதான். விமானம் மூக்கு குத்தி விழும்போது முன்னால் இருக்கும் பேட்டரிதான் இடிபடும். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒன்றை ஒன்று தொட்டுவிட்டால் சூடு ஏறும், பை ஊதும், தீப்பிடிக்கவும் செய்யும். விழுந்த உடனே எதுவும் நடக்காமல், கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பிக்கலாம். அல்லது அடுத்த முறை சார்ஜ் போடும்போது ஆரம்பிக்கலாம்.

அதனால் கழற்றிய பேட்டரியைப் பையில் போடாதீர்கள், கார் டிக்கியில் வைக்காதீர்கள். மைதானத்திலேயே வெறும் மண் தரையில், தள்ளி, கண்ணில் படும் இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பாருங்கள். ஊதியிருக்கிறதா? ஓரம் மடங்கியிருக்கிறதா? உறை கிழிந்திருக்கிறதா? நெயில் பாலிஷ் ரிமூவர் போல இனிப்பான வாசனை வருகிறதா? தொட்டால் சுடுகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. விலையை நினைக்காதீர்கள். அதை ஒருபோதும் சார்ஜ் செய்யக் கூடாது.

வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. லிப்போவின் ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், சராசரியாக 3.7 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே போகவே கூடாது. பேட்டரியின் சின்ன வெள்ளைப் பிளக்கில் செருகிப் பார்க்கும் குட்டி மீட்டர் ஹாபி கடைகளில் கிடைக்கும். அது செல் செல்லாக வோல்ட்டேஜைக் காட்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் கீழே இருந்தால் உள்ளே அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கெட்டுப்போன பேட்டரியை என்ன செய்வது? குத்தாதீர்கள், வெட்டாதீர்கள், ஈரக் குப்பை, உலர் குப்பை எதிலும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே பற்றிக்கொள்ளும், அதை அள்ளுகிறவர் கைதான் முன்னால் இருக்கும். இரண்டு முனைகளையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப்பால் மூடி, உலர்ந்த மணல் உள்ள தகர டப்பாவில் போட்டுத் திறந்தவெளியில் வையுங்கள். பிறகு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு அல்லது பேட்டரி மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்துகிறவர்களுக்கே சொல்கின்றன. ஊதிய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறவும் வேண்டாம்.

நல்ல பேட்டரிக்கும் சில விதிகள் உண்டு. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. கட்டில், சோபா, வீட்டு வாசல், மாடிப்படி வழி எங்கேயும் சார்ஜ் போடக் கூடாது. டைல்ஸ் தரையில், பக்கத்தில் துணியோ காகிதமோ இல்லாமல், பெரியவர் ஒருவர் கண்முன்னால் போடுங்கள். புகை வந்தால் கிட்டே போய் ஊதிப் பார்க்காதீர்கள், அந்தப் புகை நச்சு. பிள்ளைகளை வெளியே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு 101க்கு போன் செய்யுங்கள்.

ஏன் விழுந்தது?

பேட்டரியை ஒதுக்கி வைத்தாயிற்று. இப்போதும் பசையைத் தொடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, ஏன் விழுந்தது என்று பையனையே எழுதச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் ஒட்டிய விமானம் அதே காரணத்தால் மறுபடி விழும்.

மெதுவாகப் பறந்துகொண்டே கூர்மையாகத் திருப்பினீர்களா? அப்படியானால் இறக்கை தாங்கும் வேகம் போய், ஒரு பக்கமாகக் கவிழ்ந்திருக்கும். அது ஓட்டுகிறவர் பழகிச் சரிசெய்ய வேண்டியது. மோட்டார் மட்டும் நின்று, வால் கட்டுப்பாடு கடைசிவரை இருந்ததா? பேட்டரி தீர்ந்திருக்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் இ.எஸ்.சி. மோட்டாரை நிறுத்திவிட்டு, மிச்ச மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுக்கு வைக்கும். அந்த நேரத்தில் பதறாமல் மிதக்க விட்டு இறக்கலாம். எதுவுமே வேலை செய்யாமல் போனதா? ஒயர் கழன்றதா, ரிசீவர் ஆன்டெனா அறுந்ததா என்று பார்க்க வேண்டும். கையைவிட்டுக் கிளம்பிய உடனே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு குப்புற விழுந்ததா? வால் பக்கம் எடை அதிகம் என்று சந்தேகப்படுங்கள். வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் போனதா? ஒயரை மாற்றிச் செருகியிருப்பீர்கள், அல்லது ரிமோட்டில் திசை தலைகீழாக இருக்கும்.

இதில் யாரையும் திட்டுவதற்கு இடம் இல்லை. ஒரு காரணம், ஒரு திருத்தம், அவ்வளவுதான். பிள்ளை காரணத்தைத் தானே கண்டுபிடித்து எழுதினால் அதுவே பாதி ரிப்பேர்.

முழுசாகத் தெரியும் உடைசல்கள்

வீட்டில் பேட்டரியைச் செருகிப் பார்க்கும் முன் புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். எந்தச் சோதனையானாலும் சரி, இதை மட்டும் மறக்கக் கூடாது. சின்ன விமானம் என்று நினைக்க வேண்டாம். அறைக்குள் திடீரென்று சுற்றும் புரொப்பல்லர் விரலை ஆழமாக வெட்டும், முகத்துக்கு நேரே இருந்தால் கண்ணுக்கு ஆபத்து. கழற்றிய புரொப்பல்லரை வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலும் குப்பைதான். புரொப்பல்லரை யாரும் ஒட்டக் கூடாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும்போது ஒட்டிய துண்டு தோட்டா மாதிரி பறக்கும்.

மோட்டாரைக் கையால் மெதுவாகச் சுற்றி, அதன் அச்சின் நுனியைப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நிற்காமல் வட்டம் போட்டால் அச்சு வளைந்திருக்கிறது. கரகரவென்று சத்தம் வந்தால் மண் ஏறியிருக்கிறது. மோட்டாருக்குள் இருப்பது பலமான காந்தம், மண்ணில் இருக்கும் இரும்புத் துகளை அது இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷும் ஒட்டும் டேப்பும் போதும், எடுத்துவிடலாம்.

சர்வோ என்பது வாலையும் இறக்கையின் பின்பக்கப் பலகைகளையும் அசைக்கும் சின்னப் பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் இருக்கின்றன. விழுந்த அதிர்ச்சியில் ஒரே ஒரு பல் உடைந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ரிமோட்டைக் கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மிக மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் துள்ளினாலோ சறுக்கினாலோ பல் போய்விட்டது. கையால் திருகிப் பார்க்காதீர்கள், நல்ல பல்லும் உடையும். சில சர்வோக்களுக்குப் பல்சக்கரம் தனியாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் சர்வோவையே மாற்றிவிடுங்கள்.

இறக்கைக்குள் பெரும்பாலும் ஒரு கார்பன் ஃபைபர் கம்பி அல்லது குழாய் ஓடும். இறக்கையின் முதுகெலும்பு அதுதான். ஃபோமில் கீறல்கூட இல்லாமல் இது உள்ளே நீளவாக்கில் பிளந்திருக்கலாம். இறக்கையின் இரு முனைகளையும் பிடித்து மெதுவாக வளைத்து, முறுக்கிப் பாருங்கள். நொறுக்கென்று சத்தம் கேட்டாலோ ஓரிடம் மட்டும் தளர்ந்து கொடுத்தாலோ கம்பி போயிற்று. அதை முனைக்கு முனை வைத்து ஒட்டினால் நிற்காது. புதுக் கம்பி போடுங்கள், அல்லது குழாயாக இருந்தால் உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் கம்பியை இரு பக்கமும் நீளமாக நுழைத்து ஒட்டுங்கள். கார்பனை அறுக்கும் இடத்தில் டேப் சுற்றி, நனைத்துக்கொண்டு அறுங்கள், மாஸ்க் போடுங்கள். அதன் சிம்பு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம். தூளை மூச்சில் இழுக்கவும் கூடாது.

இன்னொன்று ரிசீவரின் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் ஒயரின் நுனியில் சுமார் 3 சென்டிமீட்டர் மட்டும் உறை உரித்தது போல் மெலிதாக இருக்கும். சிக்னலை வாங்குவது அந்தத் துண்டுதான். அது அறுந்திருந்தால் பக்கத்தில் பறக்கும், தூரம் போனதும் கைவிட்டுவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், சிக்னலையும் மறைக்கும். அதனால் ஆன்டெனாவைக் கார்பன் கம்பியோடு சேர்த்து ஒட்டிவிடாதீர்கள்.

இப்போது ஃபோம்

உங்கள் விமானம் எந்த ஃபோம் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பசை அதைப் பொறுத்தது. முதல் வகை நமக்குத் தெரிந்த தெர்மோகோல், அதாவது இ.பி.எஸ். வெள்ளை மணி மணியாக இருக்கும், அழுத்தினால் நொறுங்கும். இரண்டாவது இ.பி.ஓ. இன்று கடையில் வாங்கும் விமானங்களில் பெரும்பாலும் இதுதான். மேல்பகுதி வழவழப்பு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் நொறுங்காது. மூன்றாவது இ.பி.பி. ரப்பர் போல வளைந்து பழைய நிலைக்கு வரும், உடைவது அபூர்வம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜெர்மனியின் மல்டிபிளெக்ஸ் நிறுவனத்தின் ஈஸிஸ்டார் என்ற பழகுநர் விமானத்தில் மோட்டார் இறக்கைக்குப் பின்னால் இருக்கும். மூக்கு குத்தினாலும் புரொப்பல்லர் தப்பும், நசுங்குவது ஃபோம் மூக்குதான். முதல் விமானம் வாங்கும்போது இந்த மாதிரி அமைப்பைத் தேடுங்கள்.

இ.பி.ஓ. மூக்கு நசுங்கியிருந்தால் ஒட்டும் முன் கொதிநீர் வைத்தியம். இதோ, இந்த மூக்கைப் பாருங்கள், சப்பையாக இருக்கிறது. ஃபிளாஸ்கில் இருக்கும் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். பார்த்தீர்களா, பூரி மாதிரி எழும்புகிறது. நசுங்கிய மணிகளுக்குள் அடைபட்டிருக்கும் காற்று சூட்டில் விரிந்து அவற்றை மறுபடி ஊதச் செய்கிறது. சில நொடி ஊற்றி, நிறுத்திப் பார்த்து, தேவையென்றால் மறுபடி ஊற்றுங்கள். அதிகமானால் தோல் சொரசொரப்பாகிவிடும். மோட்டார், சர்வோ, ஒயர் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட வேண்டும். ஸ்டிக்கர்கள் உரியும், அதற்குத் தயாராக இருங்கள். இதைப் பெரியவர்கள் செய்யுங்கள், கொதிநீர் பிள்ளைகள் கைக்கு வேண்டாம். தெர்மோகோலுக்கு இந்த வைத்தியம் சரிப்படாது, உருவம் கோணிக்கொள்ளும். ஒட்டிய பிறகு கொதிநீர் ஊற்ற முடியாது என்பதால்தான் இது முதலில்.

நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளைப் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். முறிந்த முகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சாவியின் பல்லை ராவுவது போல ஆகிவிடும். மண்ணை மட்டும் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

இனி பசை. ஃபெவிக்விக் மாதிரி சயனோஅக்ரிலேட் பசைகள் இ.பி.ஓ.வில் நன்றாகப் பிடிக்கும். தெர்மோகோலில் விட்டால் ஃபோமையே அரித்துக் குழி ஆக்கும். தெர்மோகோலுக்கு "ஃபோம் சேஃப்" என்று எழுதியிருக்கும் வகையை வாங்க வேண்டும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், செருப்பு ஒட்டும் ரப்பர் பசை எதையும் தெர்மோகோல் கிட்டே கொண்டு போகாதீர்கள், கரைந்துவிடும். எந்த ஃபோம் என்று தெரியாவிட்டால் உள்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: கொட்டிய ஃபெவிக்விக்கைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக் கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் அது வேகமாக இறுகி, கையைச் சுடும் அளவுக்குச் சூடேறிப் புகையும்.

பலம் வேண்டிய இடங்களுக்கு, அதாவது மோட்டார் உட்காரும் இடம், இறக்கை சேரும் இடம், இரண்டு டியூபாக வரும் அரல்டைட் மாதிரி எபாக்ஸி நல்லது. எல்லா ஃபோமுக்கும் சரி. ஆனால் எடை அதிகம், அதனால் மெல்லிசாகப் பூசுங்கள். கட்டியாக ஊற்றினால் இறுகும்போது வரும் சூடே ஃபோமை உருக்கும். வெள்ளை ஃபெவிகால் தெர்மோகோலைக் கெடுக்காது, ஆனால் ஃபோம் காற்றை விடாது என்பதால் பெரிய இணைப்புக்குள் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். குளூ கன் அவசரத்துக்கு உதவும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய முறிவானால் குறுக்கே இரண்டு பல்குச்சி அல்லது மூங்கில் குச்சி செருகுங்கள், எலும்பு முறிவுக்குக் கம்பி வைப்பது போல. காயும்வரை மாஸ்கிங் டேப்பும் குண்டூசியும் பிடித்துக்கொள்ளும். துண்டு காணாமல் போன இடத்தில், சற்றுப் பெரிய ஃபோம் கட்டையை ஒட்டிக் காய்ந்த பிறகு கட்டர் பிளேடால் சீவி, உப்புத்தாளால் வடிவம் கொண்டு வாருங்கள். அசையும் பலகைகளின் மடிப்பு கிழிந்திருந்தால் அங்கே பசை வேண்டாம், விறைத்துவிடும். நல்ல டேப்பை மேலே நீளமாக ஒட்டி, பலகை தடையில்லாமல் மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், பசையின் ஆவி கண்ணை எரிக்கும்.

கோணமும் எடையும்

பசை காய்வதற்கு முன் இரண்டு அளவு. இடது இறக்கை நுனியிலிருந்து வால் நடுவுக்கு ஒரு நூல் பிடியுங்கள். அதே நூல் வலது நுனிக்கும் சரியாக வர வேண்டும். பிறகு பின்னால் நின்று பாருங்கள். வாலின் கிடைப் பலகை, இறக்கையோடு இணையாகத் தெரிய வேண்டும். பல விமானங்களில் மோட்டார் நேராக இருக்காது. வேண்டுமென்றே சற்றுக் கீழ்நோக்கியும் வலதுநோக்கியும் சாய்த்து வைத்திருப்பார்கள். கோணலாக இருக்கிறதே என்று நேராக்கிவிடாதீர்கள். விழும் முன் எடுத்த படங்கள் இங்கே கைகொடுக்கும்.

எடைக்கு ஒரு சின்னக் கணக்கு. விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியிலிருந்து வால் 60 சென்டிமீட்டர் பின்னால், மூக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலில் 10 கிராம் பசையும் டேப்பும் சேர்ந்தால், அதைச் சமன்செய்ய மூக்கில் 30 கிராம் வைக்க வேண்டும். ஆக 40 கிராம். 700 கிராம் விமானம் 740 ஆகிவிட்டது. இன்னும் வேகமாகத்தான் பறக்கும், இன்னும் வேகமாகத்தான் தரையிறங்கும். அதனால் வால் பக்கம் ஒட்டும்போது மருந்து போல் சொட்டுக் கணக்கில் ஒட்டுங்கள்.

சமநிலைப் புள்ளி எங்கே என்று கையேட்டில் இருக்கும். கையேடு இல்லையென்றால், வழக்கமான வடிவ விமானத்துக்கு இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் சராசரி அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் வரும். அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் 5லிருந்து ஆறரை சென்டிமீட்டர். முதல் தடவை 5க்கு அருகே வையுங்கள். பேட்டரியும் உள்ளே இருக்க வேண்டும். இரு விரல்களால் இறக்கைக்கு அடியில் அந்த இடத்தில் தாங்குங்கள். மூக்கு மட்டமாகவோ இம்மியளவு தாழ்ந்தோ நின்றால் சரி. வால் தாழ்ந்தால் பறக்க விடாதீர்கள். மூக்குக் கனம் ஓட்டுவதற்குச் சிரமம் தரும், வால் கனமோ ஓட்டவே விடாது.

மறுபடி பறக்கும் முன்

மைதானத்தில், விமானத்தின் பின்னால் நின்று, ரிமோட்டை வலது பக்கம் தள்ளுங்கள். வலது இறக்கையின் பலகை மேலே எழ வேண்டும், இடது இறங்க வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் பலகை மேலே எழ வேண்டும். பிறகு ரிமோட்டில் இருக்கும் தூரச் சோதனையைச் செய்யுங்கள். கடைசியாக, உயரமான புல்தரை மேல், மோட்டார் இல்லாமல், தோள் உயரத்திலிருந்து நேராக மெதுவாக வீசுங்கள். அம்பு போல நேராகப் போய் இறங்கினால் நீங்கள் செய்த ரிப்பேர் தேறிவிட்டது.

எங்கே பறக்க விடுவது என்பதும் இதில் சேர்ந்ததுதான். நம் வளாகத்துக்குள் வேண்டவே வேண்டாம். பால்கனியும் நடைபாதையில் போகும் பாட்டியும் இருக்கும் இடம் இது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளுக்குள் இந்த மாதிரி மாடல் விமானங்களும் வருகின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்பகுதியைப் பிரித்துக் காட்டும் வரைபடம் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கிற ஊரில், அதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

எப்போது விட்டுவிடுவது?

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றில்லை. சமன்செய்யவே முடியாத அளவுக்குப் பசை ஏறிய விமானம், மோட்டார் பிடிக்கும் இடத்தில் நல்ல ஃபோமே மிஞ்சாத விமானம், ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாத விமானம், இந்த மூன்றையும் ஓய்வுக்கு அனுப்பிவிடுங்கள். மூன்றாவதுதான் கடினம், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காரணம் தெரியாத விமானத்தை மனிதர்கள் இருக்கும் பக்கம் பறக்க விடும் உரிமை நமக்கு இல்லை. மோட்டார், சர்வோக்கள், கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழற்றி வையுங்கள். அவை அடுத்த விமானத்துக்கு ஆகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பொருட்களில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்க்கவே முடியாது. கெட்டால் மாற்றுகிறோம். பள்ளிப் புத்தகத்தில் படிக்கும் நெம்புகோலை வாலில் வைத்த 10 கிராம் பசையில் நேரில் பார்க்கக் கிடைக்கும் பொருள் இது. தூக்கிப் போடு என்று சொல்லும் முன் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். பேட்டரியையும் கொதிநீரையும் மட்டும் நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்க நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, ஒவ்வொரு பிளாக்கின் தரைத்தளத்திலும் உலர்ந்த மணலோடு ஒரு வாளி. இரண்டு, பழைய பேட்டரிகளைத் திறந்தவெளியில் தனியாக வாங்கி வைத்து, சேரவிடாமல் அவ்வப்போது மறுசுழற்சி மையத்துக்கு அனுப்ப ஓர் ஏற்பாடு. இது விமானத்துக்கு மட்டும் இல்லை, பழைய போன், பவர் பேங்க், பொம்மை கார் எல்லாவற்றுக்கும் ஆகும். மூன்று, மாதம் ஒரு ஞாயிறு மாலை இந்தக் கிளப் ஹவுஸில் இரண்டு மேசை. உடைந்ததைக் கொண்டு வரட்டும். துண்டுகளை ஒன்றுவிடாமல் கொண்டு வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பிள்ளைகள் முதலில்.